இத யாரு சொமக்கது?

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிட்டு மலையேற வரும் இளைஞர்களோடு நடந்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள்தான். பையில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் கிராம் கணக்கு வைத்திருப்பார்கள். தண்ணீர், தின்பண்டம், அடுப்பு எரிபொருள் என்று வழியில் செலவாகிறதைக் கழித்துவிட்டு மிச்சமுள்ள பையின் கனத்தை 'பேஸ் வெயிட்' என்பார்கள். அது பத்து பவுண்டுக்குள், அதாவது சுமார் நாலரைக் கிலோவுக்குள் அடங்கினால் அவர் 'அல்ட்ராலைட்' ஆசாமி. அந்தப் பட்டத்துக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துக் கூடாரம் வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும்.

இந்தக் கணக்கெல்லாம் காதில் விழும்போது எங்கள் ஊர்க் குருசாமியைத்தான் நினைத்துக்கொள்வேன். அவர் எதையும் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. பையை ஒரு கையால் தூக்குவார், கீழே வைப்பார், ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம். அப்பா வருஷம் தவறாமல் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர். எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, பத்து முடிந்துவிட்டால் அப்புறம் போக முடியாது என்று எனக்கும் மாலை போட்டுவிட்டார்கள். மாலை போட்ட பெண்பிள்ளைக்கு மாளிகைப்புறம் என்று பெயர். நேற்று வரை "ஏ பிள்ள" என்று கூப்பிட்ட தெருக்காரர்கள் எல்லாம் "வாங்க மாளிகைப்புறம்" என்று ஒதுங்கி வழிவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போவது பெரிய பாதையில். எருமேலியில் பேட்டை துள்ளி, காளைகட்டி, அழுதை, கரிமலை என்று காட்டுக்குள் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடந்து பம்பைக்கு இறங்க வேண்டும்.

அம்மா ஒரு ரெக்சின் பையில் எனக்கான சாமான்களை அடுக்கியிருந்தாள். மூன்று செட் கறுப்புப் பாவாடை சட்டை, ஸ்வெட்டர், பெரிய போர்வை, குடை, பிஸ்கட் பாக்கெட்டுகள், கண்ணாடிப் பாட்டிலோடு ஹார்லிக்ஸ். கட்டு நிறைக்கிறதற்கு முந்தின நாள் சாயங்காலம் குருசாமி வீட்டுக்கு வந்தார். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தோடு வாழ்ந்த உடம்பு. பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இத யாரு சொமக்கது?"

"நான் தூக்கிக்கிடுதேன் சாமி" என்றார் அப்பா.

"ஒங்க இருமுடி தலையில இருக்கும். அதப் பிடிக்க ஒரு கை. கரிமலை ஏத்தத்துல மாளிகைப்புறத்தப் பிடிக்க ஒரு கை. இதுக்கு மூணாவது கைக்கு எங்க போவீங்க?"

அப்பாவிடம் பதில் இல்லை. இது தேவையா என்று குருசாமி கேட்டிருந்தால் அம்மா ஒவ்வொன்றுக்கும் வாதாடி ஜெயித்திருப்பாள். பிள்ளைக்குப் பசிக்காதா, குளிராதா, மழை வந்தால்? தேவை என்று வந்துவிட்டால் எல்லாமே தேவைதான். யார் சுமப்பது என்ற கேள்விக்கோ ஓர் ஆளின் பெயரைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். பாட்டில் போயிற்று, குடை போயிற்று, போர்வை போயிற்று, மூன்று செட் ஒன்றாயிற்று. ஸ்வெட்டரை மட்டும் அவரே மடித்துத் திரும்ப வைத்தார். "இது இருக்கட்டும். பச்சப்பிள்ள, ராத்திரி பனி எறங்கும்." மிச்சம் இருந்தது ஒரு சின்ன ஜோல்னாப் பைக்குள் அடங்கியது. அதை என் தோளில் மாட்டி, வாசல் வரை நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

இருமுடியே ஒரு நல்ல பயணப் பை என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. முன்முடியில் நெய்த்தேங்காயும் பூஜைச் சாமான்களும். அதில் வழியில் கை வைக்கக் கூடாது. பின்முடியில் நடப்பவருக்கான அரிசி, பருப்பு. ஆக, கொண்டுசேர்க்க வேண்டிய கனம் ஒரு பக்கம், குறைந்துகொண்டே போகிற கனம் மறுபக்கம். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி அதன்மேல் முடியை வைத்துவிட்டால் பாரம் நேராக முதுகெலும்பு வழியாகக் காலுக்கு இறங்கும். இன்றைய முதுகுப் பையில் இடுப்புவார் என்று ஒன்று வைத்துத் தோள்பாரத்தை இடுப்புக்கு இறக்குகிறார்களே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

காட்டு வழியில் முக்குழியில் தங்கினோம். விரிக்கு வாடகை கொடுத்தால் ஓலைக்கூரையும் படுக்கப் பாயும் கிடைக்கும். அம்மாவின் பெரிய போர்வை ஏன் வீட்டோடு நின்றது என்பது அங்கே தெரிந்தது. சோறு பொங்க அரிசி எடுக்கும்போது குருசாமிக்கு ஒரு முறை இருந்தது. கூட்டத்தில் யார் மிகவும் தளர்ந்து தெரிகிறாரோ அவருடைய பின்முடியை முதலில் அவிழ்ப்பார். முதல் சோறு என் அரிசியிலும், மூட்டுவலிக்காரச் சாமி ஒருவர் அரிசியிலும் பொங்கியது. பலசாலிகளின் அரிசி கடைசி வரை அவர்கள் தலையிலேயே இருந்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கூட்டத்துக்கே ஒரு டார்ச், ஒரு கத்தி, ஒரு பெரிய பாத்திரம். ஆளுக்கொன்று என்று எடுத்துவந்தது துண்டும் தூக்குச்சட்டியும்தான். தூக்குச்சட்டியில் தண்ணீர் மொள்ளலாம், கஞ்சி குடிக்கலாம், மூடியைத் தட்டாக வைத்துச் சாப்பிடலாம்.

அழுதையில் முங்கி ஆளுக்கொரு கல் எடுத்துக்கொண்டு ஏற்றம் ஏறி, கல்லிடும் குன்றில் போடுவது வழக்கம். எங்களோடு வந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் பக்தி மிகுதியில் தேங்காய்ப் பருமனுக்கு ஒரு கல்லை எடுத்தார். குருசாமி ஒன்றும் சொல்லவில்லை. அழுதை மேட்டில் பாதி ஏறுவதற்குள் அந்தச் சாமி மூச்சு வாங்கிக்கொண்டு, "சாமி, இத இங்கனயே போட்டா ஏத்துக்கிடுவாரா?" என்று கேட்டது இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதை.

பத்து வயதோடு அந்தப் பாதை எனக்கு முடிந்துவிட்டது. வேலைக்குச் சென்னை வந்த பிறகு, அலுவலகத் தோழிகளோடு இமயமலைக்குப் போகத் தொடங்கினேன். இமாசலத்தில் பார்வதி ஆற்றங்கரையில் இருக்கும் கசோலிலிருந்து கிளம்பி, சுமார் 13,800 அடி உயரத்தில் இருக்கும் சார் பாஸைத் தாண்டிப் போகும் பாதை அப்படிப் போனவற்றில் ஒன்று. மே மாதத்திலும் மேலே பனி கிடக்கும். நாங்கள் போனது நடைப்பயணம் ஏற்பாடு செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தோடு. கூடாரம், தூங்கும் பை, சமையல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நமக்கு நம் துணிமணியும் தண்ணீரும்தான். அதையும் சுமக்க விருப்பமில்லை என்றால் தினம் இவ்வளவு என்று பணம் கட்டினால் போதும். அதற்கு 'ஆஃப்லோடிங்' என்று பெயர். எங்கள் குழுவில் பாதிப் பேர் கட்டினார்கள். ஒரு சின்னப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக அவர்கள் மான்குட்டி போலத் துள்ளி நடந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் முகாமுக்குப் போய்ச் சேர்ந்து வெகுநேரம் ஆகியும் கோவேறு கழுதைகள் வரவில்லை. பணம் கட்டியவர்களின் ஜாக்கெட்டும் காய்ந்த சட்டையும் அந்தக் கழுதைகளின் முதுகில் இருந்தன. அவர்கள் சமையல் கூடாரத்துக்குள் ஒடுங்கி நின்று நடுங்கியதைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பயம் வந்தது. அந்த உயரத்தில் நனைந்த உடம்போடு நிற்பது விளையாட்டல்ல. மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, அன்றைக்கு வேண்டிய தண்ணீர், கொஞ்சம் தின்பண்டம்: இவை மட்டும் யார் பணம் வாங்கிக்கொண்டு சுமந்தாலும் நம் உடம்போடுதான் இருக்க வேண்டும்.

பனி கிடக்கும் மேட்டில் கழுதை ஏறாது. அங்கிருந்து ஆள்தான் சுமக்க வேண்டும். எங்கள் பைகளைச் சுமந்த பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். இரண்டு பெரிய பைகளைக் கயிற்றால் ஒன்றாகக் கட்டி, கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு எங்களைத் தாண்டிப் போனான். அவன் உடைமை என்று தெரிந்தது அந்தப் பைகளுக்கு மேல் செருகியிருந்த ஒரு துணி முடிச்சு மட்டும். குருசாமி அங்கே இருந்து அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், நாங்கள் கையை நீட்டி அவனைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

கூலிக்குச் சுமப்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பையனுக்கு அந்த வருமானம் வேண்டும்; சபரிமலையில் டோலி தூக்குகிறவருக்கும் வேண்டும். கிளிமஞ்சாரோவில் சுமைதூக்கும் ஆள் ஒருவருக்கு 20 கிலோ என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு வரம்பும் அதைப் பார்க்க ஒரு தராசும் எல்லா மலையடிவாரத்திலும் இருந்தால் போதும். எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். ஊருக்குத் திரும்பிய பிறகு, 'குறைந்த சாமானோடு மலையேறினோம்' என்று படம் போடுகிறார்களே, அங்கே. அவர்களுடைய ஹேர் டிரையர் வரை பனியில் சுமந்துபோன பையன் அந்தப் படத்தில் எந்த மூலையிலும் இருக்க மாட்டான்.

நடை இலக்கியத்தில் தேடித் தேடிப் படித்தபோது எனக்குப் பிடித்துப்போன ஆள் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி. பதினொரு பிள்ளை பெற்றவர். 1955இல், 67ஆம் வயதில், அப்பலாச்சியன் நெடும்பாதையை ஒரே மூச்சில் தனியாக நடந்து முடித்தார். 3,200 கிலோமீட்டருக்கு மேல். முதுகுப் பை கிடையாது. டெனிம் துணியில் தானே தைத்த ஒரு மூட்டை, அதை ஒரு தோளில் போட்டுக்கொண்டார். கூடாரமும் கிடையாது, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று. காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. அல்ட்ராலைட் கூட்டத்தார் அவரைக் குலதெய்வம் போலக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டி வழியில் இருந்த வீடுகளின் கதவைத் தட்டினார், சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டார், பலர் வீட்டில் படுத்து எழுந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய மூட்டை சிறியதாக இருந்ததில் அந்த வீட்டுக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

கிராம் கணக்கை ஒரு சாஸ்திரமாக ஆக்கியவர் ரே ஜார்டின். பசிபிக் மலைமுகட்டுப் பாதை பற்றி 1992இல் அவர் எழுதிய கையேடு அமெரிக்க நடையர்களின் பழக்கத்தையே மாற்றியது. அவர் வாதம் எளிமையானது. பாரம் அதிகம் என்பதால் அதைத் தாங்கக் கனமான பையும், கனமான பூட்ஸும் வாங்குகிறோம். அந்தப் பையும் பூட்ஸும் சேர்ந்து இன்னும் பாரமாகின்றன. ஓரிடத்தில் குறைத்தால் மற்றவை தானே குறையும். வேண்டியதைத் தாமே தைத்துக்கொள்ளச் சொன்னவரின் பேரைச் சொல்லித்தான் இன்றைக்கு விலை உயர்ந்த கடைகள் நடக்கின்றன.

என் பையிலிருந்து நான் விட்டுக்கொடுக்காத பொருள் ஈரிழைத் துண்டு. மலைக்குப் பருத்தியே கூடாது என்பார்கள். சட்டை விஷயத்தில் அது சரி. நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். ஆனால் ஈரிழைத் துண்டு நம் ஊர் வெயிலுக்கென்று மெல்லிசாக நெய்தது. பிழிந்து பையின்மேல் போட்டுக்கொண்டு நடந்தால் அடுத்த ஓடை வருவதற்குள் காய்ந்துவிடும். தலைக்கு வெயில் மறைப்பு, கழுத்துக்குக் குளிர் மறைப்பு, கால் பிசகினால் கட்டு, சோற்றுப் பொட்டலத்துக்குப் பை. மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று பரிசாக வந்தது, வீட்டில் கண்ணாடி துடைக்கிறோம்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கும் அம்மாவுக்கும் இன்றும் சண்டை. மலைக்கு என்றால் புளிச்சோறு கட்டித்தர வேண்டும் அவளுக்கு. வடித்த சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மூன்று வேளைக்குச் சோறு கட்டுவது, பக்கத்திலேயே ஓடை இருக்கும் மலைக்கு வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோவதற்குச் சமம். ஆகவே புளிச்சோறு முதல் வேளைக்கு மட்டும், அதுவும் அவள் மனசுக்காக. மற்றதெல்லாம் உலர்ந்த பண்டம். அவலை ஓடைத் தண்ணீரில் ஊறவைத்து, வெல்லத்தை நுணுக்கிப் போட்டால் ஒரு வேளை முடிந்தது. அடுப்பு வேண்டாம், எரிபொருள் வேண்டாம், கரி பிடித்த பாத்திரம் தேய்க்க வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீக்கு 23 பேர் பலியானதிலிருந்து, காய்ந்த புல்வெளியில் தீக்குச்சி உரசவே எனக்குக் கை வராது. அடுப்பைத் துறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நடுவழியில் கால் தள்ளாடினால் கடலை மிட்டாய். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுப்பொருளில் 4; நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. வெளிநாட்டு எனர்ஜி பார் எதுவும் இந்தக் கணக்கில் கோவில்பட்டிக் கடலை மிட்டாயைத் தோற்கடித்து நான் பார்த்ததில்லை.

தண்ணீர்க் கணக்குத்தான் கடினம். லிட்டருக்கு ஒரு கிலோ, அதில் பேரம் கிடையாது. ஊற்று இருக்கும் இடம் தெரிந்தவர் அரை லிட்டரோடு நடப்பார். தெரியாதவர் மூன்று லிட்டரைச் சுமந்துகொண்டு மூன்று ஓடைகளைத் தாண்டுவார். போன வாரம் அந்த வழியில் போய்வந்த ஆளிடம் இரண்டு வார்த்தை கேட்டால் இரண்டு கிலோ குறையும்.

இதை நன்றாகக் கண்டது அகத்தியர்கூடத்தில். 1,868 மீட்டர். அம்பாசமுத்திரத்து மொட்டைமாடியில் நின்றால் மேற்கே தெரியும் பொதிகையின் உச்சி அது. பொருநை பிறக்கும் மலை. எங்கள் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஏறுவதென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு திருவனந்தபுரம் போய், போனக்காட்டிலிருந்து, கேரள வனத்துறை அனுமதியோடு ஏற வேண்டும். பெண்களுக்கு 2019 ஜனவரியில்தான் கதவு திறந்தது, அதுவும் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. அந்த மலைப் பழங்குடிகளான காணி மக்களில் ஒரு சாரார் அப்போது எதிர்த்தார்கள். சில வருஷம் கழித்து அவர்களில் ஒருவரே வழிகாட்டியாக முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன்.

கிளம்பும் இடத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். என் பை சுமார் ஐந்து கிலோ, தண்ணீர் சேர்த்து. எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். வழிகாட்டியின் கையில் ஒரு வெட்டுக்கத்தி, தோளில் ஒரு துண்டு. அவ்வளவுதான். கரமனை ஆறு, அட்டையாறு என்று நீர் குறுக்கிடும் இடங்களிலெல்லாம் குனிந்து கையால் அள்ளிக் குடித்தார். அதிருமலை முகாமில் ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும், பிறகு எதற்கு மூட்டை? மறுநாள் பொங்காலப்பாறை தாண்டிக் கயிறு பிடித்து ஏறும் பாறைகளில் என் ஐந்து கிலோவே என்னைப் பின்னால் இழுத்தது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் ஏறினார்.

அந்த மலைத்தொடரில் 1987இல் நடந்த ஒரு சம்பவம் எழுதப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சியாளர் குழு ஒன்று காணி வழிகாட்டிகளோடு காட்டில் நடந்தது. விஞ்ஞானிகள் களைத்து உட்கார்ந்தார்கள். காணிகள் ஏதோ சிறு காய்களை மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். தயங்கித் தயங்கித்தான் அந்தச் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, அதற்குக் கிடைத்த தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு என்று ஒதுக்கியது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடாக உலகம் முழுக்க இதைச் சொல்கிறார்கள். நான் அதிருமலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது நினைத்தது அவ்வளவு பெரிய விஷயமில்லை. என் பையில் அவல், வெல்லம், கடலை மிட்டாய் எல்லாம் இருந்தது இந்தக் காட்டை எனக்குத் தெரியாது என்பதால்தான். தெரியாதவர் சுமந்துதான் ஆக வேண்டும். அதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

குருசாமி காலமாகிவிட்டார். அப்பாவுக்கும் முழங்கால் தேய்ந்துவிட்டது, தம்பி போகிறான். நான் சிறுமியாகப் போனபோது பம்பையிலிருந்து சன்னிதானத்துக்குச் சரக்கு ஏற்றியவை கழுதைகள், இப்போது டிராக்டர்கள். மலைக்கு மேலே போகிற ஒவ்வொன்றையும் ஏதோ ஒன்று சுமந்து ஏற்றுகிறது, குப்பையாகத் திரும்பவும் சுமந்து இறக்குகிறது. 2024 மண்டல காலத்துக்கு முன்பு, இருமுடியில் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் வேண்டாம் என்று சபரிமலை தந்திரியே எழுதிக் கேட்டுக்கொண்டார். எரிக்கவும் முடியாமல் படைக்கவும் முடியாமல் அவை அங்கே குப்பையாகத்தான் குவிகின்றன.

மாலை போட்டிருப்பவர்கள் இந்த வருஷம் கட்டு நிறைக்கும்போது அந்த மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இன்னொன்று, குளித்துவிட்டு உடுத்திய வேட்டியைப் பம்பையில் விடுவது சடங்கு என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு சடங்கு கிடையாது; கேரள உயர் நீதிமன்றம் அதைத் தடையும் செய்திருக்கிறது. நனைந்த வேட்டி கனம்தான். பிழிந்து தோளில் போட்டு ஊருக்குக் கொண்டுவாருங்கள்.